ஏட்டு வரிசையும் எந்திர வரிசையும்

எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் வரிசையையும் உடன் கற்பிக்கின்றார். அகரம் தொடங்கி னகரம் ஈறாக முதலாம் ஆண்டு மாணாக்கர் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் அவ்வரிசை, எழுத்துகளோடு உடன்பிறந்தது, எவராலும் மாற்றவொண்ணாதது என்றே நாம் பெரும்பாலும் எண்ணி வந்துள்ளோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு உணர்த்திற்று. அதனைக் கூறி, அதன் வழியே வரலாற்றுக்குள் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் தமிழ்ப்பள்ளியில் மாணாக்கரைக் கொண்டு ஒரு சொற்களஞ்சியம் தொகுக்க முற்பட்டோம். பாடநூல்களிலும் கதைநூல்களிலும் கண்ட அருஞ்சொற்களை மாணாக்கர் அட்டைகளில் எழுதித் தந்தனர். இளம் ஆசிரியர் ஒருவர் அவற்றையெல்லாம் கணினியில் உள்ள தரவுத்தளம் ஒன்றில் இட்டு, அகர வரிசையில் அச்சிட்டு வகுப்பறைகளில் தொங்கவிட்டார். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தான் எழுதிக் கொடுத்த ‘மனம்’ என்னும் சொல்லைத் தேடினாள். ‘மறதி’க்குப் பின்னும் ‘மாடு’க்கு முன்னும் இருக்க வேண்டிய அச்சொல் அங்கே இல்லை. “ஐயா, என் சொல்லை விட்டுவிட்டார்கள்” என்று முறையிட்டாள். தேடிப் பார்த்தேன். ‘மந்திர’த்துக்கும் ‘மயிலு’க்கும் இடையே ‘மனம்’ அமர்ந்திருந்தது. “பார், இருக்கிறதே” என்றேன். அவள் சற்றே தயங்கி, “அப்படியானால் நான்தான் வரிசையைத் தவறாகப் படித்துவிட்டேன், ஐயா” என்றாள்.

அவள் படித்ததில் தவறில்லை. எந்திரம் தவறியது. ஆயினும் எந்திரத்தை நம்பித் தன்னை ஐயுற்ற அக்குழந்தையின் சொல் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நம் நாட்டில் வருகைப் பதிவேடு தொடங்கித் தேர்வு முடிவு வரையில் எல்லாப் பெயர்ப்பட்டியல்களும் ரூமி எழுத்தின் வரிசையிலேயே அமைகின்றன. தமிழ் நெடுங்கணக்கின் வரிசையை நம் மாணாக்கர் ஒருமுறை ஒப்புவித்ததோடு சரி. அதனைக் கையாளும் வாய்ப்பு அகராதியைப் புரட்டும்போது மட்டுமே வாய்க்கின்றது. அங்கும் வரிசை பிறழ்ந்து நிற்குமாயின், பிறழ்ச்சியே முறையாகிவிடும்.

இனி அவ்வரிசையின் பிறப்பை நோக்குவோம். தொல்காப்பியர் தம் நூலின் தொடக்கத்திலேயே, எழுத்து என்று சொல்லப்படுவன அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது என்று வரையறுத்துவிடுகின்றார். முதலும் ஈறும் கூறப்பட்டமையால் அவர் காலத்துக்கு முன்னரே வரிசை நிலைபெற்றிருந்தது என்பது விளங்கும். ஏன் அவ்வரிசை என்னும் வினாவைப் பழைய உரையாசிரியர் எழுப்பி விடை கூறினர். னகரம் இறுதியில் நிற்பதற்கு அவர்கள் காட்டும் காரணம் சுவையானது. வீடுபேற்றுக்குரிய ஆண்பாலை உணர்த்தும் ஈறு அதுவாதலின், அச்சிறப்பு நோக்கி இறுதிக்கண் வைக்கப்பட்டதாம்! பெண்பாலாருக்கு வீடுபேறு இல்லையோ என்று என் மாணவியர் கேட்பார்களாயின் நான் விடை சொல்ல இயலாது. பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் எளிய காரணம் கூறுகின்றார். எழுத்துகள் சிறப்பு நோக்கியும் இனம் நோக்கியும் முறைப்பட வைக்கப்பட்டன என்பது அவர் கருத்து. ககரமும் ஙகரமும், சகரமும் ஞகரமும் என வல்லினமும் அதன் இனமெல்லினமும் இணையிணையாக அடிநாவிலிருந்து இதழ் நோக்கி வருகின்றன. அவற்றின் பின் ய, ர, ல, வ. அவற்றின் பின் ழ, ள. ஈற்றில் மற்றோர் இணையாகிய ற, ன. தமிழுக்கே சிறப்பாக உரிய எழுத்துகள் என்று நாம் போற்றுவன இவ்வாறு கடைசியில் ஒருங்கு திரண்டு நிற்கின்றன. இந்த இறுதிப் பகுதியை வாசகர் நினைவில் இருத்துக. எந்திரம் இடறி விழுந்த இடம் இதுவே.

எழுத்துக்கு வரிசை இருந்தது எனினும், சொற்களை அவ்வரிசையில் அடுக்கும் வழக்கம் நெடுங்காலம் தமிழில் இல்லை. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனப் பொருளடிப்படையில் சொற்களைத் தொகுத்தன. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகையை, அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தை, அடிப்படையாகக் கொண்டது. மனப்பாடம் செய்வோர்க்கு அது பேருதவி. ஏட்டைப் புரட்டித் தேடுவோர்க்கு உதவுவது அதன் நோக்கமன்று. 1594ஆம் ஆண்டில் சிதம்பரம் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டே முதலெழுத்தின் வரிசையைச் சொல்லடுக்குக்கு அடிப்படையாகக் கொண்டது. அகரத்தை ஆதியாக உடையது அகராதி என்னும் பெயர் அவ்வகையில் எழுந்ததே.

1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி அடுத்த பெரும்படி. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டமையால் அப்பெயர் பெற்றது. முதலெழுத்தோடு நில்லாமல் அடுத்தடுத்த எழுத்துகளையும் நோக்கி அடுக்கும் முறை அதனால் தமிழில் வேரூன்றியது. இவ்விடத்தில் ஒன்று சிந்தித்தற்குரியது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு தெரிவதில்லை. ஆகாரக் காலும் ரகரமும் ஒரே கோடாகத் தோன்றின. படிப்பவன் பொருளறிந்தே எழுத்தை அறிந்தான். அத்தகைய ஏட்டில், சொல்லின் மூன்றாம் நான்காம் எழுத்து வரையில் வரிசை பார்த்து அடுக்குவது எங்ஙனம்? எகர ஏகார வேறுபாட்டை வடிவில் காட்டும் சீர்திருத்தமும், முழுமையான அகராதி முறையும் வீரமாமுனிவர் என்னும் ஒருவர் பெயரோடு சேர்த்தே கூறப்படுவதை நான் தற்செயல் என்று கருதவில்லை. எழுத்து ஐயமின்றித் தெளிந்த பின்னரே வரிசை தெளியும்.

பின்னர் வந்த அச்சு அகராதிகள் பல. அவற்றுள் தலையாயது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பிற்பகுதிப் பணிக்குப் பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக விளங்கினார். இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கையால் அடுக்கிய அப்பணியை நினைக்குந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. அச்சு அகராதிகள் எல்லாம் ஒரே நெறியைப் பின்பற்றின என்று எண்ணுதல் வேண்டா. புள்ளிபெற்ற மெய்யைச் சில அகராதிகள் உயிர்மெய்க்கு முன் வைக்கின்றன. ‘அக்கம்’ முன்னும் ‘அகம்’ பின்னும் வரும். வேறு சில, ககர வரிசை கௌகாரம் வரையில் முடிந்த பின்னரே ககர மெய்யை வைக்கின்றன, ‘அகம்’ முன்னதாகிவிடும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. தனிமெய் மாத்திரையில் குறைந்தது, அதனோடு உயிர் சேர்ந்தே உயிர்மெய் பிறக்கிறது, ஆதலின் மெய் முன் என்பார் ஒருசாரார். ஓலை வழக்கில் புள்ளியில்லாக் ககரமே அடிப்படை வடிவம், புள்ளி அதன்மேல் வந்த குறி, ஆதலின் பின் என்று கொள்ளவும் இடமுண்டு. நான் முதற் கட்சியினன்.

இனிக் கணினிக்கு வருவோம். எந்திரத்துக்கு எழுத்து என்பது எண்ணே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டால், எண்ணின் ஏறுவரிசையே எழுத்தின் வரிசையாகிவிடும். ஆகவே எண்ணை எவர், எந்த நோக்கில் ஒதுக்கினார் என்பதே வினா. தொடக்கக் காலத்தில் அவரவர் தத்தம் எழுத்துருவுக்கேற்ப ஒதுக்கினர். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழ் ஏறுதற்கு அரும்பாடுபட்டார். 1997இல் அந்நகரில் நடந்த தமிழிணைய மாநாடு, குறியீடுகளை ஒன்றுபடுத்தும் முயற்சிக்குக் கால்கோளிட்டது. எழுதுவதும் படிப்பதும் அன்றைய கவலை. வரிசைப்படுத்துவது அடுத்தபடியாகவே நின்றது. அக்காலக் குறியீடுகள் பலவற்றில் ‘கெ’ என்பதை எழுதக் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகக் கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே பதிந்தனர். அதனை எண் வரிசையில் அடுக்கினால் கெண்டையும் செண்டும் தெப்பமும் கொம்பின்கீழ் ஒன்றாகத் திரளும்! தட்டச்சுக்கு அது போதும், அகராதிக்கு உதவாது.

1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறி இக்குறையை நீக்கியது. ஒலிமுறைப்படி மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் பதியப்பட்டன. ஆயின் புதியதொரு சிக்கல் உடன் வந்தது. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு அட்டவணையை ஒருங்குறி தழுவிக்கொண்டது. அவ்வட்டவணையின் நோக்கம், இந்திய எழுத்துமுறைகள் அனைத்தையும் ஒரே சட்டத்தில் பொருத்துவது. தேவநாகரியில் ஓர் எழுத்துக்கு எந்த இடமோ, தமிழில் அதற்கு நேரான எழுத்துக்கும் அந்த இடமே. தமிழில் இல்லாத எழுத்துகளின் இடங்கள் வெறுமனே விடப்பட்டன. தேவநாகரியில் இல்லாத ன, ற, ழ ஆகியவற்றுக்கு, அவற்றோடு ஒலியால் நெருங்கிய எழுத்தின் அடியில் புள்ளியிட்டு வடிவம் அமைத்து, அடுத்த இடத்தைக் கொடுத்தனர். ஆகவே நகரத்தை ஒட்டி னகரம் வந்தது. ரகரத்தை ஒட்டி றகரம். லகரத்துக்குப் பின் ளகரம், அதன்பின் ழகரம், அதற்கும் பின்னரே வகரம். சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே ஜகரம் புகுந்தது. ஆய்தம் உயிருக்கும் முன்னே போய் நின்றது.

வடமொழிச் சட்டத்துக்குள் தமிழைத் திணித்த சூழ்ச்சி இது என்று சினந்து எழுதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. ஓர் எழுத்துமுறையிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் பெயர்த்தெழுத வேண்டும் என்னும் ஒரே நோக்கத்தோடு வகுத்த அட்டவணை அது. வகுத்தோர் வரிசைக்கென அதனைச் செய்யவில்லை. குறியெண்ணையே வரிசையாகக் கொண்டுவிடுவது பிற்காலத்தார் சோம்பல். 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு மாற்றுக் குறியீடாக ஏற்ற பதினாறு பிட் அனைத்தெழுத்துக் குறியீட்டில், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தந்து, குறியெண்ணையே நெடுங்கணக்கின் வரிசையில் அமைத்தனர். அது வேறொரு வழி. உலகம் முழுதும் வழங்கும் மென்பொருள்கள் ஒருங்குறியையே பின்பற்றியமையால், குறியெண் வேறு, வரிசை வேறு என்று பிரித்துணர்வதே நமக்குக் கைகூடும் வழியாயிற்று.

இவ்வாறு பிரித்துணரும் கருத்து தரவுத்தளத் துறைக்குப் புதிதன்று. 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் உறவுசார் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். செய்திகள் அட்டவணைகளில் நிரை நிரையாக இருக்கும். நிரைகளுக்குத் தம்முள் முன்பின் என்னும் முறை கிடையாது. கேட்பவர் எவ்வரிசையில் வேண்டுகின்றாரோ அவ்வரிசையில் எடுத்துக் கொடுக்கப்படும். இதன் நுட்பம் நம்மனோர்க்கு எளிதில் புலப்படும். அட்டைகள் பெட்டிக்குள் குவியலாகவே கிடக்கின்றன. அடுக்குபவன் கையில்தான் வரிசை இருக்கின்றது. எழுத்தை எந்நெறிப்படி அடுக்குவது என்பதைப் பெயர்சுட்டிக் கூறும் வழியை 1992ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். தரநிலை வகுத்தது. ஒருங்குறி ஒன்றியமும் பின்னர்த் தனியே ஒரு வரிசை நெறியை வெளியிட்டது. அதில் தமிழ் மெய்கள் நன்னூலார் காட்டிய முறைப்படி ற, ன ஈறாகவே நிற்கின்றன. ஜகரம் முதலிய கிரந்த எழுத்துகள் அவற்றின் பின் வருகின்றன. போதாதென்று, பயன்படுத்துவோர் தாமே நெறி எழுதிச் சேர்க்கவும் வசதி ஏற்பட்டது. 2023இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 16ஆம் பதிப்பில் அத்தகைய நெறியைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவிடலாம். ஆய்தத்துக்குப் பின் க், அதன்பின் க, அதன்பின் ங், அதன்பின் ங என்று இவ்வாறே தொடர்ந்து எழுதிச் செல்வதுதான் நெறி. இலக்கணம் அறிந்தவர் எவரும் எழுதக்கூடியது.

எங்கள் இளம் ஆசிரியரும் இவ்வாறே ஒரு நெறியை எழுதினார். எழுதியது சரியா என்று எவ்வாறு அறிவது? இங்கேதான் எனக்கும் அவருக்கும் இனியதொரு வாதம் மூண்டது.

நெறி எழுதுவதற்கு முன்னர் அவர் ஏற்கெனவே ஒரு சோதனை செய்திருந்தாராம். நம் நாட்டின் 13 மாநிலப் பெயர்களையும் எந்திரத்தில் இட்டு அடுக்கச் சொன்னார். கிளந்தான், கெடா, சபா, சரவாக், சிலாங்கூர், ஜொகூர், திரங்கானு, நெகிரி செம்பிலான், பகாங், பினாங்கு, பெர்லிஸ், பேராக், மலாக்கா என்று வந்தது. ஜொகூர் மட்டுமே இடம் மாறியிருந்தது. இறுதியில் வரவேண்டியது இடையில் வந்துவிட்டது. ஜகரம் கிரந்த எழுத்தாதலின் அதன் இடம் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம் என்று அதனை ஒதுக்கிவிட்டார். பதின்மூன்றில் பன்னிரண்டு சரி என்றால் தேர்ச்சிதானே! தேர்வுத்தாளில் அது உயர்ந்த மதிப்பெண். ஆனால் அப்பதின்மூன்று பெயர்களில் எதுவும் ன, ற, ழ, ள என்னும் எழுத்துகளை ஒன்றோடொன்று மோதவிடவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. எந்திரம் அறியாத கேள்வி கேட்கப்படாமையால் எந்திரம் தேறியது. வினாத்தாள் அமைக்கும் கலையை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நமக்கு இது தெரிந்த உண்மையே. எல்லா மாணவரும் சரியாக விடையளிக்கும் வினா, எவரையும் பிரித்துக் காட்டாது.

ஆகவே சொற்களைத் தேர்ந்தெடுக்க அமர்ந்தோம். ஒவ்வொரு விதிக்கும், அவ்விதி மீறப்பட்டால் இடம் மாறிவிடக்கூடிய ஓர் இணைச்சொல்லாவது வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். வகரத்துக்குப் பின் ழகரம் என்பதற்கு ‘அவல்’, ‘அழகு’. ழகரத்துக்குப் பின் ளகரம் என்பதற்கு ‘அழகு’, ‘அளவு’. மகர வரிசையில் மடம், மணம், மதம், மயில், மரம், மலர், மழை, மளிகை, மறதி, மனம் என்று ஒரு கோவை கிடைத்தது. இதே கோவையைக் குறியெண் வழியே அடுக்கினால் மடம், மணம், மதம், மனம், மயில், மரம், மறதி, மலர், மளிகை, மழை என்று வரும். பத்துச் சொற்களில் தமக்குரிய இடத்தில் நிற்பவை முதல் மூன்று மட்டுமே. மாணவியின் ‘மனம்’ கடையிலிருந்து நான்காம் இடத்துக்கு ஏறிய விந்தை இதனால் விளங்கிற்று.

புள்ளிக்கென வேறொரு கோவை அமைத்தோம்: கண், கண்டம், கண்ணாடி, கணக்கு, கணம், கணை. மெய் முன் என்னும் எங்கள் முடிவின்படி இதுவே முறை. குறியெண் வழியில் கணக்கு, கணம், கணை ஆகிய மூன்றும் வந்த பின்னரே ‘கண்’ வரும். இரண்டெழுத்துச் சொல் தன்னினும் நீண்ட சொற்களுக்குப் பின்னே மறைந்துகொள்வதைக் கண்டால் எம்மாணவரும் திகைப்பார். ஆய்தத்துக்கு இணை தேடுவது கடினமாயிருந்தது. சொல்லுக்கு முதலில் ஆய்தம் வாராது என்பது மரபு. இக்காலத்தில் ‘ஃபின்லாந்து’, ‘ஃபிஜி’ என்று எழுதுகின்றார்களே என்று இளையவர் நினைவூட்டினார். அவ்வழக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. எனினும் சோதனைக்குப் பயன்பட்டது. உலக நாடுகளின் பட்டியலை அடுக்கினால், குறியெண் வரிசையில் ஃபின்லாந்து ‘அங்கோலா’வுக்கும் முன்னே போய் நிற்கும், முறைப்படி அது உயிரெழுத்துகளுக்குப் பின், ககரத்துக்கு முன் வரவேண்டும்.

சோதனையில் எதிர்பாராது அகப்பட்டவையும் உண்டு. ‘ஔவையார்’ என்னும் சொல் ‘ஒளி’க்கு முன்னே வந்து நின்றது. நெறியில் பிழையோ என்று நெடுநேரம் தேடினோம். நெறி சரியே, தட்டெழுதிய மாணவன் ஔகாரத்தை ஓரெழுத்தாக இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எந்திரத்துக்கு அது ஒ, ள, வை என்னும் வேறு சொல். ‘கௌ’ என்பதைக் கொம்பு, ளகரம் எனத் தட்டுவோரும் இவ்வாறே இடறுகின்றனர். கொகரத்தின் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் பதியலாம். இரண்டும் சமமே என்பது ஒருங்குறியின் விதி. குறியெண் மட்டும் பார்க்கும் தரவுத்தளமோ, இரண்டாகப் பதிந்த ‘கொடி’யைக் கெகரத்தின் முடிவில், கேகாரத்துக்கு முன்னே செருகிவிடும். ‘ஐயா’, ‘அய்யா’ என்னும் இருவகை எழுத்தும் இவற்றோடு சேர்ந்ததன்று. அது எழுத்துக்கூட்டல் வேற்றுமை. எந்த வரிசை நெறியும் அவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது.

வரிசை பார்த்தால் போதும் என்றே நான் எண்ணியிருந்தேன். தேடலையும் சோதிக்க வேண்டும் என்று இளம் ஆசிரியர் வற்புறுத்தினார். அவர் கூறியது சரியே. தரவுத்தளம் பெரிதாகும்போது விரைந்து தேடுவதற்கென அது தனக்குள் ஒரு சுட்டுப்பட்டியலை வரிசைப்படி அமைத்துக்கொள்கின்றது. நூலகத்து அட்டைப்பெட்டி போன்றது அது. வேண்டும் சொல் இப்பெட்டிக்கு முன்னா பின்னா என்று வரிசையை நம்பியே அது இழுப்பறையைத் திறக்கின்றது. அடுக்கிய பின்னர் நெறியை மாற்றிவிட்டு, அட்டைகளை மறுபடி அடுக்காது விட்டால் என்னாகும்? சொல் உள்ளே இருக்கும். தேடினால் இல்லை என்று விடை வரும். இது கற்பனையன்று. 2018இல் வெளிவந்த குனு சி நூலகத்தின் 2.28ஆம் பதிப்பில் எழுத்து வரிசை நெறிகள் பெரிதும் மாற்றப்பட்டன. அந்நூலகத்தை நம்பி வரிசைப்படுத்திய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களை உடையோர், இயக்குதளத்தைப் புதுப்பித்த பின்னர்ச் சுட்டுப்பட்டியலை மீண்டும் ஆக்காதுவிட்ட இடங்களில், தேடல் பொய்த்தது. ஒரே சொல் இருமுறை வரக்கூடாது என்னும் தடையும் காவல் இழந்தது. தரவில் ஓரெழுத்தும் மாறவில்லை. வரிசை மட்டுமே மாறியது.

சமம் என்பதும் நெறிக்குள் அடங்கியதே. புள்ளியை ஒரு பொருட்டாகக் கொள்ளாதே என்று நெறியில் தவறி எழுதிவிட்டால், ‘பல்’ என்னும் சொல்லும் ‘பல’ என்னும் சொல்லும் எந்திரத்துக்கு ஒன்றாகிவிடும். ‘பல’ ஏற்கெனவே இருக்கின்றது என்று கூறிப் ‘பல்’லை அது ஏற்க மறுக்கும். புள்ளியில்லாத ஓலையைப் படித்த நம் முன்னோர் பொருளால் தெளிந்துகொண்டனர். எந்திரத்துக்கு அந்த வாய்ப்பில்லை.

இறுதியாக நாங்கள் கைக்கொண்ட முறை இது. தேர்ந்த சொற்களை முதலில் கையால் அடுக்கி, மூவர் தனித்தனியே சரிபார்த்தோம். அவ்வடுக்கைக் குலைத்துப் பல்வேறு ஒழுங்கில் எந்திரத்தில் இட்டோம். ஒவ்வொரு முறையும் வெளிவந்த வரிசையைக் கையடுக்கோடு ஒப்பிட்டோம். இறங்கு வரிசையிலும் கேட்டுப் பார்த்தோம். பின்னர் ஒவ்வொரு சொல்லையும் பெயர்சொல்லித் தேடினோம். மகரத்துக்கும் யகரத்துக்கும் இடைப்பட்ட சொற்கள் யாவை என்று கேட்டு, ஒன்றும் விடுபடாமை கண்டோம். கையடுக்கைச் சரிபார்த்தபோது மூவருள் ஒருவர், அகராதி வழக்கப்படி மெய்யைப் பின்னே வைத்திருந்தார். அவர் என்னினும் மூத்த தமிழாசிரியர். அவரோடு வாதிட்டதில் ஒரு பிற்பகல் முழுதும் கழிந்தது. அவர் கையிலிருந்த பழைய அகராதி அவர் பக்கம். நன்னூல் என் பக்கம் என்று நான் சொல்லிக்கொண்டேன், நன்னூலில் அகராதி அடுக்கும் விதி இல்லை என்பதை அவர் நினைவூட்டும் வரையில். பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் என்னும் பன்னாட்டுத் தொகுப்பிலும் தமிழுக்கு மெய் முன் என்றே உள்ளதைக் காட்டிய பின்னரே, பள்ளிப் பட்டியலுக்கு மட்டும் என்று இசைந்தார்.

திருத்திய களஞ்சியத்தை மறுபடியும் அச்சிட்டுத் தொங்கவிட்டோம். முந்திய பட்டியலை எடுத்துவிடச் சொன்னேன். அம்மாணவி அப்போது ஐந்தாம் ஆண்டில் இருந்தாள். அவளை அழைத்து, பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, “இவற்றுள் எது பிழை?” என்று கேட்டேன். பழைய தாளில் விரலை ஓட்டி ‘மனம்’ வரையில் சென்றவள் அங்கே நின்றாள். பிறகு அதே தாளில் ‘மழை’, ‘மளிகை’ இரண்டும் தலைகீழாக நிற்பதையும் காட்டினாள். அதனை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.